மண்டபத்துச் சோதனை

தலைமன்னார்க் கரையில் நின்று மேற்கே நோக்குங்கால், பசியால் துரத்தப்பட்டு அக்கடலைக் கடந்த மக்களே நம் நினைவில் எழுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையிலே இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகிலும் அவர்களைப் பலிகொண்டன.

1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலோடு இணைந்த கப்பல் போக்குவரத்துத் தொடங்கிற்று. அதில் ஏறுமுன் தொழிலாளர், இலங்கை அரசாங்கம் தமிழகத்தின் மண்டபத்தில் நடத்திய முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். வைத்தியர் உடலைச் சோதித்தார், அம்மை குத்தப்பட்டது. நோயற்றவர் என்று கண்ட பின்னரே பயணம்.

கொள்ளைநோயைத் தடுக்க இச்சோதனை உதவிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அது எவர் நலத்தை முதலில் நாடிற்று? தீவிற்கு நோய் வரலாகாது. தோட்டத்திற்கு உழைக்கும் உடல் வேண்டும். வாசலில் காட்டிய அக்கறையை, காற்றும் வெளிச்சமும் புகாத லயத்து அறைகளில் நாம் காணவில்லையே!

அச்சோதனையில் தேறி வந்து, மலைநாட்டைத் தேயிலையால் செழிக்கச் செய்தவர்களையும் அவர்தம் சந்ததியாரையும் 1948-ம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. உழைக்கத் தகுதியுண்டு என்று ஏற்ற அரசு, உரிமைக்குத் தகுதியில்லை என்று தள்ளியது.

2023-ல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தனர். இம்முறை அவர்கள் தேடி நடந்தது கூலியை அன்று, மதிப்பை.