நேர்ந்ததும் செலுத்தியதும்: வெனிஸ் நகரின் கொள்ளைநோய்க்கால வேண்டுதல் ஆலயங்கள்

முன்னுரை

கொள்ளைநோயையொட்டி எழுப்பப்பெற்ற ஆலயங்களை ‘நன்றிக் காணிக்கை’ என வரலாற்று நூல்கள் பொதுவாகச் சுட்டுகின்றன. நலம்பெற்றோர் பின்னர் அளித்த கொடை என்னும் பொருளையே இத்தொடர் தருகிறது. தமிழில் வழங்கும் ‘நேர்த்திக்கடன்’ என்னும் சொல்லோ, துன்பத்தின் நடுவே நேர்ந்துகொள்வதையும் பின்னர் அதனைச் செலுத்துவதையும் வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாட்டின்வழி இத்தாலியின் வெனிஸ் நகரிலுள்ள இரு ஆலயங்களை இக்கட்டுரை நோக்குகிறது.

மீட்பர் ஆலயம்

1575–77ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோய்க்கு நகர மக்களுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் பலியாயினர். 1576 செப்டம்பரில், நோய் தணியாத நிலையிலேயே, மீட்பராகிய கிறித்துவுக்கு ஆலயம் எழுப்புவதாக வெனிஸ் செனட் அவை நேர்ந்துகொண்டது. கட்டடக் கலைஞர் பல்லாதியோ வடிவமைத்த இவ்வாலயத்திற்கு 1577 மே மாதம் அடிக்கல் நாட்டப்பெற்றது. நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டதோ அவ்வாண்டு ஜூலையில்தான். ஆகவே, நலம் கிட்டுமுன்னரே கடனைச் செலுத்தும் பணி தொடங்கிவிட்டது. ஆலயம் 1592இல் அருட்பொழிவு பெற்றது.

சலூத்தே ஆலயம்

1630–31ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் நகர மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மாண்டனர். 1630 அக்டோபரில் செனட் அவை மரியன்னைக்கு ஆலயம் நேர்ந்தது. ‘சலூத்தே’ என்னும் இத்தாலியச் சொல் உடல்நலம், மீட்பு ஆகிய இரு பொருளும் தரும். அப்போது நகரத் தலைவராக இருந்த நிக்கோலோ கொந்தாரினி 1631இலேயே மறைந்தார். ஆலயத்தை வடிவமைத்த லோங்கேனா 1682இல் இறந்தார். அருட்பொழிவு நிகழ்ந்தது 1687இல். நேர்ந்ததற்கும் முற்றச் செலுத்தியதற்கும் இடையே 57 ஆண்டுகள் கழிந்தன. நேர்ந்த தலைமுறையினருள் பெரும்பாலோர் அதனைக் காணவில்லை.

முடிவுரை

நேர்ந்தவர் மறைந்தால் அவர்தம் வழியினர் கடனைச் செலுத்துவது தமிழ் மரபிலும் உண்டு. வெனிஸில் அக்கடனை ஏற்றது குடும்பமன்று, அரசு. ஜூலை மூன்றாம் ஞாயிறன்றும் நவம்பர் 21ஆம் நாளும் இவ்வாலயங்களில் இன்றும் விழா நிகழ்கிறது. செனட் அவையைக் கொண்டிருந்த குடியரசு 1797இல் வீழ்ந்தபின்னும் நகர மக்கள் அக்கடனைத் தமதாகக் கொண்டுள்ளனர். எனவே இவ்வாலயங்களைப் பிழைத்தோரின் நன்றி எனக் கொள்வதினும், பிழைப்போமா என அறியாதோர் தம் வழித்தோன்றல்கள்மீது வைத்த கடன் எனக் கொள்வதே பொருத்தமாகும்.