கணினி வரைவில் ஆதிப்புள்ளி

விமான வரைபடங்களில் நீளத்தை அளக்கும் சுழியம் பெரும்பாலும் விமானத்தின் மூக்கில் இராது. அதற்கும் முன்னால், வெற்றிடத்தில் இருக்கும். பின்னாளில் மூக்கு நீட்டப்பட்டாலும் எதிர்ம எண்கள் வராமலிருக்க இந்த ஏற்பாடு உதவியது. உயரத்தைக் குறிக்கும் ‘நீர்க்கோடு’ கப்பல் கட்டுவோரிடமிருந்து பெற்ற சொல். விமானத்துக்கும் தண்ணீருக்கும் வேறு தொடர்பில்லை.

1988இல் வெளிவந்த ஆட்டோகேட் 10ஆம் பதிப்பு, அசையாத பொது ஆயத்தொலைவு முறையோடு, பயனர் வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் முறையையும் தந்தது. சாய்ந்த கூரையை வரைவோருக்கு இது பெரும் வசதி.

பல பாகங்களைப் பூட்டும் தொகுப்பில் சிக்கல் வேறு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஆதிப்புள்ளி உண்டு. தொகுப்பு அதன் இடத்தையும் திருப்பத்தையும் பொதுவாக 4×4 அணியாகக் குறித்துவைக்கிறது. பாகத்துக்குள் ஆதிப்புள்ளியை மட்டும் மாற்றினால் அணி பழைய கணக்கிலேயே நிற்கும். பூட்டிய பாகம் விலகிவிடும். மாற்றிய அளவுக்கு அணியையும் ஈடுசெய்தால்தான் அது பழைய இடத்தில் பொருந்தும்.