தனிகலைக் குன்றும் கல்முனை வயலும்

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை வட்டைகளிலே சிறுபோக வேளாண்மைக்குப் பாயும் நீரின் தலைப்பைத் தேடிச் செல்வோர் இங்கினியாகலை அணைக்கட்டுடன் நின்றுவிடுதலே வழக்கம். கல்லோயாத் திட்டம் பற்றிய நம் எழுத்துகளும் அவ்வணையிலிருந்தே தொடங்குகின்றன. அணைக்கு மேற்கே, இன்று நீர் தேங்கி நிற்கும் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த குன்றுகளிலும் முன்னர் வாழ்ந்தோர் யாவர் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அங்கு வாழ்ந்தோர் வேடர். தம்மை அவர்கள் 'வன்னியல எத்தோ', அதாவது காட்டு மாந்தர், என அழைப்பர். கண்டி அரசிற் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இவர்களைப் பற்றிய குறிப்புண்டு. அம்பு வேண்டிய வேடர், அதன் வடிவை இலையில் வெட்டி, இறைச்சியோடு சேர்த்து இரவிலே கொல்லனது பட்டடையில் தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். இச்செய்தியைக் காட்டுமிராண்டித் தன்மைக்குச் சான்றாகக் காட்டினோர் பலர். ஆனால் இது உணர்த்துவது வேறொன்று. இரும்பு இன்றி வேட்டை இல்லை. இரும்பு காட்டுக்கு வெளியிலிருந்தே வந்தது. எனவே மிகத் தொலைவிலிருந்த வேடர் குடியிருப்பும் வெளியுலகோடு கொடுக்கல் வாங்கல் உடையதாகவே இருந்தது.

வேடர் வாழ்வை நேரிற் கண்டு விரிவாக எழுதியோர் செலிக்மன் தம்பதியர். அவர்கள் 1908இல் மேற்கொண்ட கள ஆய்வின் பயனாகிய 'வேடர்' என்னும் நூல் 1911இல் வெளிவந்தது. நில்கலைக்கு அண்மையிலுள்ள தனிகலை என்னும் பாறைக் குன்றின் மேலிருந்த குடியிருப்பும் அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. அங்கிருந்தோர் குகைவாசிகள் அல்லர். குடிசை கட்டிச் சேனைப் பயிர் செய்தோர். ஆயினும் வெளிநாட்டுப் பயணிகள் வந்தபோதெல்லாம் காட்சிக்காக அழைத்துவரப்பட்டோர் இவர்களே. அன்றாடம் உடுக்கும் சேலையை நீக்கி, சிறு கோவணத்தோடு வில்லேந்தி நிற்பது அவர்களுக்கு ஒரு தொழில் போலாகிவிட்டது என்பதைச் செலிக்மன் ஒளிக்காது எழுதியுள்ளார். மலைக்குடியினரைக் காணச் செல்வோர் தாம் காண விரும்பியதையே கண்டு திரும்புகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அக்காட்சிக்குப் பின்னே இருந்த வாழ்க்கை எளிதானதன்று. மான், மரை, உடும்பு ஆகியவற்றை வேட்டையாடினர். காட்டுக் கிழங்கு அகழ்ந்தனர். சேனையிற் குரக்கனும் சோளமும் விளைவித்தனர். செங்குத்தான பாறைகளிலே கூடு கட்டும் பெருந்தேனீயின் தேனை, கொடியேணியிலே தொங்கி, புகையிட்டு எடுத்தனர். உயிரைப் பணயம் வைக்கும் இவ்வேலையிற் கிடைத்த தேன், வீட்டுக்கு உணவாகவும் வெளியே பண்டமாற்றுப் பொருளாகவும் பயன்பட்டது. காடு பொதுவாக இருப்பினும் எல்லையற்றதன்று. இன்ன குன்று, இன்ன தேன்பாறை இன்ன குடும்பத்துக்குரியது என்னும் வரையறை இருந்தது. பிறர் நிலத்தில் வேட்டையாடுதல் குற்றமாகக் கருதப்பட்டது.

அவர்களது சமூக அமைப்பு கிழக்குக் கரையினராகிய நமக்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. மொறானை, உணாபானை, ஊறு முதலிய 'வருகே' எனப்படும் குலங்கள் அவர்களிடையே உண்டு. பிள்ளை தாயின் குலத்தையே சேரும். ஒரே குலத்துள் மணம் தகாது. மைத்துன முறையிலேயே மணம் நிகழும். அக்கரைப்பற்று முதல் மட்டக்களப்பு வரையுள்ள தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் காணப்படும் தாய்வழிக் குடிமுறையோடு இது ஒப்புநோக்கத்தக்கது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது எனத் துணிந்து கூறுதல் இவ்விடத்துப் பொருந்தாது. எனினும் காட்டுக்கும் கரைக்கும் இடையே நாம் கற்பித்துக்கொண்ட தூரம் மெய்யான தூரத்தினும் பெரிது என்பதை இவ்வொப்புமை நினைவூட்டுகின்றது.

வழிபாட்டிலும் இதே நிலை. இறந்த உறவினரின் ஆவியாகிய 'நே யாக்கு' வேடரது சமயத்தின் மையம். வேட்டை வாய்க்க ஆடும் 'கிரி கொரகா' என்னும் சடங்கில் தேங்காய்ப்பால் நிறைந்த பாத்திரத்தைச் சுற்றி ஆடுவர். தேங்காயோ காட்டில் விளைவதன்று. காட்டின் மிகப் புனிதமான சடங்குக்கும் ஊரிலிருந்து ஒரு பொருள் வர வேண்டியிருந்தது.

அத்தகைய பொருள்களைக் கொண்டுசென்றோருள் நம் முன்னோரும் அடங்குவர். கரையோர முஸ்லிம் வணிகர் பொதிமாட்டுத் தவளங்களில் உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு உள்நாடு சென்றனர். தேன், மெழுகு, கொம்பு, வற்றல் இறைச்சி முதலியவற்றோடு மீண்டனர். அவ்வணிகத்தில் இரு சாராரும் எப்பொழுதும் சமநிலையில் நின்றனர் எனக் கொள்வதற்கில்லை. விலையை அறிந்தவன் வணிகனே, வேடன் அல்லன். ஆயினும் வேடன் தன் காட்டிலே நின்றுகொண்டே பேரம் பேசினான் என்பது முக்கியம்.

அந்நிலையை மாற்றியது வணிகமன்று, சட்டமும் அணையுமே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரமற்ற காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையாகக் கொண்டது. எழுத்தறியாத வேடரிடம் உறுதி ஏது? 1937இன் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒதுக்கிடங்களில் வேட்டையாடுதல் குற்றமாயிற்று. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. ஏறக்குறைய 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. வேடரின் வேட்டை நிலங்கள் நீருள் அமிழ்ந்தன. குன்றுகள் சிலவற்றின் உச்சிகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. நீரைச் சூழ்ந்த காடு 1954இல் தேசியப் பூங்காவாயிற்று. நீர் மூடாததைச் சட்டம் மூடியது.

குடியேற்றத் திட்டத்தால் தமிழரும் முஸ்லிம்களும் அடைந்த இழப்புகளும், 1956இல் அப்பள்ளத்தாக்கில் நிகழ்ந்த வன்செயலும் பல கட்டுரைகளில் ஆராயப்பட்டுள்ளன. அவை ஆராயப்பட வேண்டியவையே. ஆனால் எவருடைய நிலம் பறிபோயிற்று என்னும் வழக்கில் முதல் வாதியாக நிற்க வேண்டியவனின் பெயர் இரு தரப்பார் ஏட்டிலும் இல்லை.

குடிசன மதிப்பீடுகளும் இதற்குத் துணைபோயின. 1911இல் வேடராகக் கணிக்கப்பட்டோர் 5,332 பேர். 1946இல் 2,361 பேர். 1963இல் 400 பேர். இத்தனை பேரும் மாண்டுபோயினர் எனக் கருதுதல் தவறு. பலர் ஊவாவிற் சிங்களவராகவும் கிழக்கிலே தமிழராகவும் பதியப்பட்டனர். மனிதர் இருந்தனர், பெயரே மறைந்தது.

கல்லோயாவில் நிகழ்ந்தது அங்கு மட்டும் நின்றுவிடவில்லை. வடமேற்கே மாதுறு ஓயாவில் 1983இல் மற்றொரு தேசியப் பூங்கா அமைந்தபோது தம்பானை வேடர் பலர் மகாவலித் திட்டத்தின் கீழ் ஹெனானிகலைக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். முதுதலைவர் ஊறுவரிகே திசாகாமி சில குடும்பங்களோடு காட்டைவிட்டு அகல மறுத்தார். 1998இல் மறையும்வரை அம்மறுப்பில் நிலைத்திருந்தார். அம்பாறை மாவட்டத்தின் பொல்லேபத்தையிலும், பூங்காவை அடுத்த இரத்துகலையிலும் இன்றும் வேடர் வாழ்கின்றனர். இரத்துகலையினரிடம் 'தனிகலை மகா பண்டாரலாகே' என்னும் குடிப்பெயர் வழங்குகின்றது. குன்றை விட்டு இறங்கியோர் குன்றின் பெயரை விடவில்லை.

நீர்த்தேக்கம் வேண்டாததொன்று என வாதிடுதல் எம் கருத்தன்று. அந்நீரால் விளைந்த நெல்லை உண்டே நாம் கல்வி கற்றோம். ஆனால் ஒரு பயனின் வரலாறு, அதற்கு விலை கொடுத்தோரின் வரலாற்றையும் உள்ளடக்குதல் வேண்டும். தவளப் பாதைகள் பற்றி நம் ஊர் முதியோரிடம் எஞ்சியுள்ள நினைவுகளைத் தொகுத்தலும், இரத்துகலைக்கும் பொல்லேபத்தைக்கும் சென்று, காட்சியை நாடாது செவிமடுத்தலும் நம் மாணவர் இப்பொழுதே மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். வாய்க்காலின் தலைப்பு அணைக்கட்டு அன்று. அதற்கும் அப்பால் ஒரு குன்று உண்டு என்பதை நம் வரலாறு எழுதிக்கொள்ளட்டும்.