சாட்சி கூற மறுத்தோரும் சட்டசபையின் தண்டமும்

நீதிமன்றத்திற் சாட்சி கூற மறுப்பவனை நீதிபதி தண்டிப்பார் என்பது யாவரும் அறிந்ததே. சட்டமியற்றும் சபையொன்று தன் விசாரணைக்கு அழைத்தவன் வாய் திறவாதிருப்பின் அவனைத் தண்டிப்பவர் யார்? ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு இதுபற்றி ஒரு சொல்லும் கூறிற்றில்லை. விடையைக் காலந்தோறும் எழுந்த வழக்குகளே வகுத்தன.

தொடக்கத்தில் வழக்காளியும் நீதிபதியும் சிறைகாவலரும் சபையே. 1821 இல் உயர் நீதிமன்றம் இவ்வதிகாரத்தை ஏற்றதாயினும், சபையின் கூட்டத்தொடர் முடியுமிடத்துச் சிறையும் முடியும் என எல்லை கட்டிற்று. 1857 இல் காங்கிரசு தனிச்சட்டமொன்றை இயற்றவே, சாட்சி கூற மறுத்தல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் குற்றமாயிற்று. ஒரு மாதம் முதற் பன்னிரண்டு மாதம் வரை சிறை விதிக்கப்பட்டது. அவ்விதி வழக்கொழிந்துவிடவில்லை. வெள்ளை மாளிகையின் முன்னாள் ஆலோசகர் பீற்றர் நவாரோ 2024 இல் நான்கு மாதம் சிறையிருந்தது அதன்கீழேயாம்.

இம்மாற்றம் ஊன்றி நோக்கற்பாலது. சபையின் காவலில் இருந்தவன் சிறைக்கதவின் திறவுகோலைத் தன் கையிலேயே வைத்திருந்தான். விடை கூறின் வெளியேறலாம். நீதிமன்றத்தாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவனோ பின்னர் எத்துணை பேசினும் தண்டனை நீங்காது. நடுநிலை நீதிபதியையும் யூரிமாரையும் பெற்ற சாட்சி, அத்திறவுகோலை இழந்தான்.

1857 இன் பின்னரும் சபை தன் பழைய அதிகாரத்தைக் கைவிட்டிலது. 1876 இற் பிரதிநிதிகள் சபை, முறிந்துபோன வங்கியொன்றின் நிலவியாபாரத் தொடர்புகளை விசாரித்தபொழுது ஹலற் கில்போண் என்பார் விடை கூற மறுத்தார். நாற்பத்தைந்து நாள் அவரை மறியலில் வைத்தனர். விடுதலையான அவர் வழக்குத் தொடுத்தார். தனியார் கொடுக்கல்வாங்கலைத் துருவ சபைக்கு அதிகாரமில்லையென 1881 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. உறுப்பினர்க்கு அரசியலமைப்புக் காப்பிருந்தமையால், நட்டஈட்டுப் பொறுப்பு ஆணையை நிறைவேற்றிய சபைச் சேவகர் தொம்சன்மேல் விழுந்தது. ஏவியவர் தப்பினர், ஏவல் செய்தவர் அகப்பட்டார்! எனினும் 1927 இல் அதே நீதிமன்றம், சட்டமியற்றுதற்கு வேண்டிய செய்தியைக் கட்டாயப்படுத்திப் பெறுஞ் சபையின் உரிமையை உறுதிப்படுத்தியது.

இவ்வுரிமை மக்களின் கொள்கைகளை ஆராயப் புகுந்தபொழுதே பெருஞ்சிக்கல் விளைந்தது. தன்மேற் குற்றஞ் சாரும் விடையை மறுக்க ஐந்தாந் திருத்தம் இடந்தருகின்றது. அதனை நாடியோர் சிறை தப்பினும் பலர் தொழிலிழந்தனர். 1947 இல் ஹொலிவூட் எழுத்தாளரும் இயக்குநருமாகிய பதின்மர் அதனை நாடாது, பேச்சுரிமை கூறும் முதற்றிருத்தத்தைப் பற்றி நின்றனர். பதின்மரும் சிறை புகுந்தனர். அவருள் இருவர் அடைபட்ட டான்பரிச் சிறையில், அவர்களை விசாரித்த குழுவின் தலைவர் பாணல் தோமசும் பணமோசடிக் குற்றத்துக்காக இருந்தமை வரலாற்றின் விந்தை.

தொழிற்சங்கத்தவரான ஜோன் வற்கின்ஸ் தம்மைப்பற்றிக் கூற உடன்பட்டார். கம்யூனிஸ்டு இயக்கத்தை விட்டு விலகியோர் பெயரைக் கூற மறுத்தார். வினா விசாரணைக்கு எவ்வாறு பொருந்துமென அவருக்குத் தெளிவுறுத்தப்படாமையால் 1957 இல் அவர் விடுவிக்கப்பட்டார். இரண்டாண்டின் பின், கல்லூரி ஆசிரியராயிருந்த லொயிட் பாரன்பிளற்றின் முறை வந்தது. அவரும் ஐந்தாந் திருத்தத்தை நாடாது முதற்றிருத்தத்தையே நம்பினார். அரசு தன்னைக் காத்துக்கொள்ளும் நலமே கனமானதெனப் பெரும்பான்மையினர்க்காக நீதியரசர் ஹார்லன் எழுதினார். தராசின் மறுதட்டில் வைக்கவேண்டியது ஒருவனது மௌனம் அன்று, தவறியும் அஞ்சாது சேர்ந்தியங்கும் மக்கள் அனைவரின் உரிமையே என நீதியரசர் பிளாக் மறுத்துரைத்தார். ஐவர்க்கு நால்வர் என்ற ஒற்றை வாக்கு வேறுபாட்டால் ஆசிரியருக்கு ஆறுமாதச் சிறையும் 250 டொலர் தண்டமும் உறுதியாயின.