பள்ளிச் சம்பளமும் பள்ளிச் செலவும்

மாணவர்களே, பழைய தமிழ் வழக்கில் 'சம்பளம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. உழைப்பவர் பெறுவதும் சம்பளம்; பள்ளிப்பிள்ளை மாதந்தோறும் கொண்டுபோய்க் கட்டுவதும் சம்பளம். உங்கள் பாட்டனாரைக் கேட்டால், 'பள்ளிக்கூடச் சம்பளம்' என்றுதான் சொல்லுவார். திண்ணைப் பள்ளிக் காலத்தில் அச்சொல் மிகவும் பொருந்தியிருந்தது. பிள்ளைகள் கொணர்ந்த காசே ஆசிரியருக்கு ஊதியமாயிற்று. இடையில் நிருவாகம் என்ற ஒன்று கிடையாது.

முற்காலத்தில் நம் நாட்டுக் கல்வி முழுவதும் பொருளின்றியே வழங்கப்பட்டது என்று சிலர் மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறேன். அதற்கு மாறான சான்று நம் கையிலேயே இருக்கிறது. 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்று எண்ணி அனுப்புமாறு கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார். வந்த அறிக்கைகளைத் தொகுத்து 1826 மார்ச்சு மாதத்தில் அவர் ஒரு குறிப்பு வரைந்தார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள். பயின்ற மாணவர் 1,84,110 பேர். மாணவர் ஒருவர் மாதந்தோறும் கொடுத்தது நாலணா முதல் ஆறணா, எட்டணா வரை. ஆசிரியர் மாத வருவாய் பெரும்பாலும் ஆறேழு ரூபாய்க்கு மேற்படுவதில்லை.

இவ்வெண்களை வைத்துச் சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். பள்ளி ஒன்றுக்குச் சராசரி பதினைந்து பிள்ளைகள். தலைக்கு ஆறணா என்று கொண்டால் தொண்ணூறு அணா. ரூபாய்க்குப் பதினாறு அணா வீதம் ஐந்து ரூபாய் பத்தணா ஆகிறது. மன்றோ கூறும் வருவாய்க்கு இது சற்றுக் குறைவு. எஞ்சியது எங்கிருந்து வந்தது? இதற்கு விடை சொல்லுவது கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் அனுப்பிய அறிக்கை. உதகமண்டலத்தை உருவாக்கியவர் என்று நீங்கள் படித்திருப்பீர்களே, அவரேதான். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு மூன்று ரூபாய் முதல் பதினான்கு ரூபாய் வரை, பெற்றோரின் நிலைக்கு ஏற்ப, ஆசிரியர் பெற்றார் என்கிறார் அவர். அதற்கு மேல் தசராவிலும் பிற பெருவிழாக்களிலும் அன்பளிப்பு. பிள்ளை புதிய சுவடி ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் தனியே ஒரு காணிக்கை.

ஆகவே சம்பளம் வேறு, செலவு வேறு. இவ்வேற்றுமை இன்று நேற்றுத் தோன்றியதன்று. பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே அது தொடங்கிவிடும். பல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையில் அந்நிகழ்ச்சியை வருணிக்கிறார். ஐந்து வயது நிரம்பிய பிள்ளையின் வீட்டிற்கு ஆசிரியரும் பள்ளிப்பிள்ளைகள் அனைவரும் அழைக்கப்படுவர். பிள்ளையார் திருவுருவைச் சுற்றி அமர்வர். பிள்ளையின் விரலைப் பிடித்து ஆசிரியர் அரிசியில் எழுதுவிப்பார். பின்னர்ப் பெற்றோர் தம் ஆற்றலுக்கேற்றபடி ஆசிரியருக்குப் பரிசளித்து அனுப்புவர். மறுநாள் காலையில்தான் படிப்புத் தொடக்கம். முதல் எழுத்துக்கு முன்பே முதற் செலவு!

காம்பெல் அறிக்கையில் இன்னொன்றும் காண்கிறோம். வறுமை காரணமாகப் பல பெற்றோர் ஐந்தே ஆண்டில் பிள்ளையை நிறுத்திவிட்டனர். அப்பிள்ளை பெற்றது அரைகுறைக் கல்வியே. வசதியும் விருப்பமும் உடைய வீட்டுப் பிள்ளைகளோ பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் வரையிற் பயின்றனர். முன்பு பள்ளி இருந்த சிற்றூர்கள் பலவற்றில் இப்போது பள்ளியே இல்லை என்றும், பெரிய பள்ளிகள் இருந்த இடங்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சிலரே பயில்கின்றனர் என்றும் அவர் எழுதினார். இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய ஆலைத்துணி உள்நாட்டு நெசவாளரின் பிழைப்பைக் குலைத்ததை அவர் ஒரு காரணமாகக் காட்டினார். தம் மாவட்டத்தின் 533 பள்ளிகளில் ஒன்றுகூட அரசின் உதவி பெறவில்லை என்று சொல்ல நாணுவதாகவும் குறித்தார். ஆளும் கும்பினியின் அலுவலர் ஒருவர் இவ்வாறு எழுதியதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மன்றோ தாசில்தோறும் ஒரு பள்ளி நிறுவத் திட்டமிட்டார். ஆசிரியருக்கு அரசு தருவது மாதம் ஒன்பது ரூபாய். அதே அளவு மாணவரிடமிருந்தும் கிடைக்குமாதலால், அவர் நிலை ஸ்காட்லாந்தின் ஊர்ப்பள்ளி ஆசிரியரைவிட மேலாகவே இருக்கும் என்று கருதினார். தாம் பிறந்த நாட்டை அளவுகோலாகக் கொண்டார் போலும். 1827-இல் அவர் வாந்திபேதியால் மறைந்தார். அப்பள்ளிகளும் 1836-இல் கைவிடப்பட்டன.

பின்னர் வந்த 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, சார்லஸ் வுட் பெயரால் வழங்குவது, தனியார் பள்ளிகளுக்கு அரசு நன்கொடை அளிக்க வழிவகுத்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நன்கொடை பெறும் பள்ளி, எவ்வளவு சிறிதாயினும், மாணவரிடம் சம்பளம் வாங்கியே தீரவேண்டும். முற்றிலும் இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதியார். காசு கொடுத்தால் பிள்ளை ஒழுங்காக வரும் என்பது அவ்வறிக்கையின் எண்ணம். நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு இக்கருத்து உடன்பாடன்று. பிள்ளை வாராதிருப்பதற்குக் காரணம் மதிப்பின்மை அன்று; பெரும்பாலும் வயிறுதான்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாணவரிடம் பொருள் பெற்றுப் பாடம் சொல்லும் வழக்கமுடையவரல்லர். கற்பிக்க அவர் ஆயத்தமாக இருந்தார்; கற்க இளைஞர் துடித்துக்கொண்டிருந்தார். ஆயினும் மாயூரத்தில் தங்கிப் படிக்கும்போது உணவுக்கு என்ன வழி என்ற கவலை அவர் தந்தையாருக்கு எழுந்தது. சம்பளமில்லாத கல்விக்கும் செலவு உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

சென்னை மாநகராட்சி 1920-இல் இதை உணர்ந்தது. தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தனர். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது வரம்பு. மாதத்தில் இருபது நாள் பள்ளி நடந்தால் இருபது அணா. மன்றோ காலத்துச் சம்பளமோ நாலணா முதல் எட்டணா. இடைப்பட்ட நூறாண்டில் விலைவாசி மாறியிருக்கும். ஆதலால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முறையாகாது. எனினும் ஒருவேளைச் சிற்றுண்டியின் செலவு எத்தகையது என்பது ஒருவாறு புலப்படும். பணமில்லை என்று அத்திட்டம் 1925-இல் நின்றது. 1956-இல் முதலமைச்சர் காமராசர் பகலுணவுத் திட்டத்தை மாகாணமெங்கும் கொண்டுசென்றார். ஊர் மக்களிடமிருந்து சீருடையும் பலகையும் திரட்டிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அதனைத் தொடர்ந்தன. சம்பளத்தை நீக்கினால் மட்டும் போதாது, சோறும் துணியும் செலவுக் கணக்கில் சேர்ந்தவையே என்று அரசு ஒப்புக்கொண்ட காலம் அது.

தனியார் பள்ளியை நாடும் குடும்பங்களுக்கு அக்கணக்கு இன்னும் தம் தலையிலேயே இருக்கிறது. 2009-இல் தமிழ்நாட்டில் கட்டண முறைப்படுத்தும் சட்டம் வந்தது. தனியார் பள்ளி என்ன கட்டணம் பெறலாம் என்று ஒரு குழு வரையறுக்கிறது. அதே ஆண்டு நடுவண் அரசு இயற்றிய கல்வி உரிமைச் சட்டம், தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்லுகிறது. இரண்டும் நல்லவையே.

நான் ஓய்வு பெற்ற பின்னர், பக்கத்துத் தெருத் தாய் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என்னிடம் வந்தார். "ஐயா, எங்கள் மகனைத் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா? கட்டணத்தை எப்படியோ கட்டிவிடுவோம்" என்றார். நோட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. நான் அதன் கீழே எழுதச் சொன்னேன்: இருவகைச் சீருடை, காலணி, வண்டி வாடகை, புத்தகமும் நோட்டும், ஆண்டு விழா ஆடை, சுற்றுலா, மாலைத் தனிப்பயிற்சி. பக்கம் நிறைந்தது. பின், "இது எத்தனை ஆண்டுக்கு அம்மா?" என்று கேட்டேன். மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை விரல்விட்டு எண்ணினார். பதினான்கு வந்தது. ஆண்டுதோறும் கட்டணம் உயருமே என்று அவராகவே கூறி, பக்கத்தைப் புரட்டினார். பையன் அருகில் நின்று, தாயின் கையிலிருந்த பேனாவை வாங்கித் தானும் ஏதோ எழுத முயன்றுகொண்டிருந்தான்.