'பிக்சர் டியூப் போயிடுச்சு': பழைய கலர் டிவி சேகரிப்பாளர்கள் இந்த ஒரு வார்த்தைக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்?

ஜப்பானின் ஒசாகா நகரில் ஒரு சோபா நூடுல்ஸ் கடை. அங்கே பல வருஷமாக ஒரு டிவி அசையாமல் உட்கார்ந்திருந்தது. 1980-களின் இறுதியில் சோனி தயாரித்த 43 அங்குல டிவி அது. எடை சுமார் 200 கிலோ. விற்பனைக்கு வந்த பிக்சர் டியூப் டிவிகளிலேயே பெரியது இதுதான் என்கிறார்கள். அமெரிக்காவில் அப்போது இதன் விலை 40,000 டாலர்.

கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், டிவியும் குப்பைக்குப் போகப்போகிறது என்ற நிலையில், அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு ரெட்ரோ கேம் பிரியர் அதை மாடியிலிருந்து இறக்கி, பெட்டி கட்டி, கடல் கடத்தித் தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டார். 2024 இறுதியில் வெளியான அந்த வீடியோவைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள்.

எடைக்குப் போடவேண்டிய டிவிக்கு எதற்கு இவ்வளவு பாடு? பழைய கலர் டிவிகளைத் தேடிப்பிடித்து உயிர் கொடுப்பவர்களுக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

எல்லோரும் தேடும் அந்த 1954 மாடல்

சேகரிப்பாளர்கள் உலகில் பெரிய பெயர் சோனி இல்லை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ நிறுவனம் 1954 மார்ச்சில் தயாரிக்கத் தொடங்கிய 'சி.டி-100' என்ற செட்தான்.

கறுப்பு வெள்ளை டிவியிலும் தெரியக்கூடிய கலர் ஒளிபரப்பு முறைக்கு அமெரிக்க அரசு 1953 டிசம்பர் 17-ல் அனுமதி கொடுத்தது. இரண்டே வாரத்தில், 1954 புத்தாண்டு அன்று, கலிஃபோர்னியாவின் ரோஜா அணிவகுப்பை என்.பி.சி நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கலரில் ஒளிபரப்பியது. வீட்டில் கலர் டிவி வைத்திருந்தவர்கள் அன்றைக்கு அநேகமாக யாருமே இல்லை என்பது வேற விஷயம்.

அதற்கப்புறம்தான் சி.டி-100 வந்தது. மர கேபினட், உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட வால்வுகள், விலை 1,000 டாலர். இவ்வளவுக்கும் படம் குறுக்காக ஒரு அடிகூட இருக்காது. ஜனங்கள் வாங்கத் தயங்க, சில மாதங்களிலேயே விலை பாதியாகக் குறைந்தது. மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம் செட்தான் தயாரானது. வெஸ்டிங்ஹவுஸ் இதற்குச் சில வாரம் முன்பே 1,295 டாலருக்கு ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தது. அது இன்னும் அரிது.

இன்றைக்கு இவை பெரும்பாலும் வயதானவர்கள் காலமான வீடுகளைக் காலி செய்யும்போதுதான் வெளியே வருகின்றன. நிலவறையிலும் பண்ணை வீட்டிலும் எலி கடித்த வயரோடு கிடக்கும். ஆனால் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது வயரையோ மரத்தையோ இல்லை. பிக்சர் டியூபைத்தான்.

டியூபுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?

1990-களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். டிவி ரிப்பேரானால் மெக்கானிக் வருவார், பின் மூடியைக் கழற்றுவார், வீடே சுற்றி நிற்கும். "எல்.ஓ.டி போயிருக்கு" என்றால் செலவுதான், தாங்கலாம். "பிக்சர் டியூப் போயிடுச்சு" என்றால் அந்த டிவியின் கதை முடிந்தது. சேகரிப்பாளரின் நிலைமையும் அதேதான். நமக்காவது அன்று கடையில் வேறு டியூப் கிடைத்தது, அவருக்கு அதுவும் இல்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. வால்வுகள் பழைய ஸ்டாக்கில் கிடைக்கும். கெப்பாசிட்டரைப் புதிதாகப் போடலாம், டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றலாம், மரத்தை இழைத்து பாலிஷ் போடலாம். கலர் பிக்சர் டியூபை மட்டும் வீட்டில் செய்ய முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். டியூபின் கழுத்துப் பகுதியில் மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகள்: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. திரைக்குச் சற்றுப் பின்னால் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய உலோகத் தகடு. சி.டி-100-ன் டியூபில் அந்தச் சல்லடைக்குச் சுமார் 1,95,000 ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் நேராக மூன்று வண்ணப் புள்ளிகள், ஆகமொத்தம் 5,85,000 புள்ளிகள். சிவப்புத் துப்பாக்கியின் கதிர் சிவப்புப் புள்ளியில் மட்டும் விழவேண்டும். கொஞ்சம் விலகினாலும் முகம் பச்சையாகிவிடும். இவ்வளவும் காற்றே இல்லாத வெற்றிடத்தில் நடக்கவேண்டும்.

அந்த வெற்றிடம்தான் பிரச்சினை. 15ஜி.பி.22 என்று பெயரிடப்பட்ட இந்த டியூபில் கண்ணாடியும் உலோகமும் சேரும் இடம் உண்டு. அந்த இணைப்பு வழியாக வருஷக்கணக்கில் காற்று மெல்ல மெல்லப் புகுந்துவிடும். யாரும் தொடாமல், உடைக்காமல், ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருந்த டியூபும் செத்துப்போகும். அதனால்தான் கேபினட் பளபளவென்று இருக்கும் செட்டைவிட, மரம் உளுத்து டியூப் மட்டும் நன்றாக இருக்கும் செட்டுக்கு மதிப்பு அதிகம்.

நன்றாக இருக்கும் டியூபில் ஒரு போனஸும் உண்டு. ஆரம்பகால டியூப்களில் பூசிய வண்ணப்பொருள்கள் அடர்த்தியான நிறம் கொடுத்தவை, ஆனால் வெளிச்சம் குறைவு. பின்னால் வந்த கம்பெனிகள் வெளிச்சத்துக்காக அந்த அடர்த்தியை விட்டுக்கொடுத்தன. ஆக, வேலை செய்யும் சி.டி-100-ல் தெரியும் சில சிவப்பையும் பச்சையையும் அதற்கப்புறம் வந்த பல பத்தாண்டு டிவிகளில் பார்க்க முடியாது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

கிடைத்ததும் ஆன் பண்ணினால் என்ன?

பலரும் செய்யும் முதல் தப்பு இதுதான். "வேலை செய்யுதான்னு பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகுவது.

பழைய செட்களில் இருப்பது மெழுகுக் காகித கெப்பாசிட்டர்கள். வருஷங்களில் ஈரம் புகுந்து அவை கசிய ஆரம்பித்துவிடும். பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கும். முழு மின்சாரத்தையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் அவை ஷார்ட்டாகி, மாற்றுக் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். எழுபது வருஷம் தாங்கியது ஒரே நிமிஷத்தில் புகையாகும்.

ஆகவே முதலில் டியூபைத் தனியாகச் சோதிப்பார்கள். பிறகு கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். கறாரான சிலர் பழைய கெப்பாசிட்டரின் கூட்டைக் குடைந்து, புதியதை அதற்குள் வைத்து மூடிவிடுவார்கள். செட்டைக் கவிழ்த்துப் பார்த்தாலும் 1954-ல் இருந்தபடியே இருக்கவேண்டுமாம். டிவியைக் கவிழ்த்துப் பார்க்கப்போவது யார் என்று கேட்கலாம். இன்னொரு சேகரிப்பாளர்தான். அதற்கப்புறம்தான், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் 'வேரியாக்' வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் ஏற்றுவார்கள்.

படம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், பாதிதான் முடிந்திருக்கும். மூன்று நிறமும் மூன்று திசையில் நிற்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளைத் திரையில் வரவைத்து, மூன்றும் ஒரே வெள்ளைக் கோடாகச் சேரும்வரை திருகிக்கொண்டே இருக்கவேண்டும். இதற்குப் பெயர் 'கன்வெர்ஜென்ஸ்'. நடுவில் சரியானால் ஓரத்தில் விலகும், ஓரத்தைப் பிடித்தால் நடுவில் விலகும். திரையில் நிறத்திட்டு தெரிந்தால் சல்லடைத் தகட்டில் காந்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வட்டமான ஒரு காயிலைத் திரைமுன் சுழற்றிக்கொண்டே பின்னால் நகர்ந்து அதை எடுப்பார்கள்.

1960-களின் டிவிகளுக்கு இன்னொரு வியாதி உண்டு. டியூபின் முகத்தில் பாதுகாப்புக்காக ஒட்டிய கண்ணாடியின் பசை கெட்டு, ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகப் படரும். சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்த பெயர் கண்புரை. சூடுகாட்டிப் பசையை இளக்கி, மெல்லிய கம்பியால் அறுத்து அந்தக் கண்ணாடியைப் பிரிக்கவேண்டும். சூடு அளவு மிஞ்சினால் டியூப் விரிசல் விடும்.

உயிருக்கே ஆபத்தா?

ஆமாம், மிகைப்படுத்தவில்லை. கலர் பிக்சர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேவைப்படும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாமல் தொட்டால் தூக்கி எறியும். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கண்ணாடி உடைந்து உள்வாங்கிச் சிதறும். இதில் எக்ஸ்ரே விவகாரமும் உண்டு. 1967-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சில கலர் டிவிகளிலிருந்து அளவுக்கு மீறி எக்ஸ்ரே கசிவது தெரியவந்தது. அடுத்த வருஷமே அமெரிக்காவில் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்தக்கால செட்களில் உயர்மின்னழுத்தப் பகுதியின் உலோகக் கூண்டைக் கழற்றிவிட்டு ஓட்டக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

செத்த டியூபைப் பிழைக்க வைக்கவே முடியாதா?

ஒருகாலத்தில் முடிந்தது. டியூபின் கழுத்தை அறுத்து, புது எலக்ட்ரான் துப்பாக்கி வைத்து ஒட்டி, அடுப்பில் சூடாக்கியபடியே காற்றை உறிஞ்சி எடுத்து மூடுவதற்கென்றே பட்டறைகள் இருந்தன. அமெரிக்காவில் கடைசியாக நடந்துவந்த பட்டறை அயோவா மாநிலத்தின் டி மொயின் நகரில் இருந்தது. அது 2010-ல் மூடப்பட்டது. பிரான்சில் இருந்த பட்டறை 2013-ல் மூடப்பட்டது. புது டியூப் தயாரிப்பும் நின்றுவிட்டது. பெரிய அளவில் கடைசிவரை தயாரித்தது நம்ம இந்தியாவின் வீடியோகான்தான், 2015 வரை.

அயோவா பட்டறையின் இயந்திரங்களை ஒஹாயோ மாநிலம் ஹில்லியர்டில் உள்ள ஆரம்பகாலத் தொலைக்காட்சி அருங்காட்சியகத்தை நடத்தும் அமைப்பு வாங்கிவைத்தது. 15ஜி.பி.22 டியூப்கள் சிலவற்றை மீட்கவும் முடிந்திருக்கிறது. ஆனால் கைப்பழக்கத்தை விலைக்கு வாங்க முடியாதே. கண்ணாடியை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைக்கவேண்டும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது.

சரி, டியூபும் நன்றாக இருக்கிறது, கன்வெர்ஜென்ஸும் பிடித்தாகிவிட்டது. எதைப் பார்ப்பது? அமெரிக்காவில் பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு 2009 ஜூன் 12-ல் நின்றுவிட்டது. இப்போது டிவிடி பிளேயரையோ செட்-டாப் பாக்ஸையோ மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டியில் இணைத்து, பழைய ஆன்டெனா முனையில் கொடுக்கிறார்கள். டிவிக்கு வித்தியாசம் தெரியாது.

நம்ம ஊர் பழைய டிவிகள்?

இந்தியாவுக்குக் கலர் வந்தது 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. சென்னையைச் சேர்ந்த சாலிடேர், டயனோரா பெயர்களைக் கேட்டால் இன்றும் பல வீடுகளில் ஒரு கதை இருக்கும். 2006-லிருந்து தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவிகளும் பிக்சர் டியூப் ரகம்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால், தூக்கிப்போட டியூபை உடைக்கவேண்டாம். கலர் டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் முழுசாகக் கொடுப்பதே நல்லது. வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்றால், ஆசைக்குக்கூட உடனே ஆன் பண்ணவேண்டாம். தெருமுனையில் கடை வைத்திருந்த அந்தப் பழைய மெக்கானிக் இன்னும் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.