பரிவு என்னும் பெயர்: ஒரு கண்ணழற்சியின் விளக்கங்கள் மாறிய வரலாறு

பாரிஸுக்குக் கிழக்கே குப்வ்ரே என்னும் சிற்றூர். 1812-இல், சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் விளையாடிய மூன்று வயதுச் சிறுவனின் ஒரு கண்ணைக் கூரிய கருவி கிழித்தது. அந்தக் கண் போனதில் வியப்பில்லை. கருவி தொடாத மறு கண்ணும் அழற்சி கண்டு மங்கியதுதான் புதிர். ஐந்து வயதுக்குள் அச்சிறுவன் லூயி பிரெயிலின் பார்வை முற்றிலும் அணைந்தது. அது ‘சிம்பதெட்டிக் ஆப்தால்மியா’வாக இருந்திருக்கும் என்று பின்வந்த மருத்துவர்கள் பலர் கருதுகின்றனர். தமிழில் இதைப் பரிவுக் கண்ணழற்சி எனலாம்.

ஓர் உறுப்பின் துன்பத்தில் மற்றோர் உறுப்பு பங்குகொள்வதையே பழைய ஐரோப்பிய மருத்துவம் ‘சிம்பதி’ என்றது. கிளாஸ்கோ மருத்துவர் வில்லியம் மெக்கன்சியின் கண்நோய் நூல் (முதற்பதிப்பு 1830) வழியே இந்நோய்க்கு அப்பெயர் நிலைத்தது. பார்வை நரம்புகள் மூளைக்கடியில் கூடுமிடத்தைத் தாண்டி அழற்சி மறு கண்ணுக்குச் செல்கிறது என்று அவர் எண்ணினார். 1858-இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ஹைன்ரிஷ் முல்லர் வேறு நரம்புகளைச் சுட்டினார். நுண்ணுயிரியல் ஓங்கிய 1880களில் பார்வை நரம்புப் பாதையிலேயே கிருமிகள் நடக்கவிடப்பட்டன. வழிப்போக்கர் மாறினார், வழி ஒன்று உண்டு என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

பிரிஸ்டலில் அகஸ்டின் பிரிச்சார்ட் 1851-இல் அடிபட்ட கண்ணை அகற்றி மறு கண்ணைக் காக்க முயன்றார். அடிபட்ட இரு வாரங்களுக்குள் அகற்றிவிட வேண்டும் என்பது பின்னர் நடைமுறை விதியாகவே ஆனது. விளக்கம் தவறாக இருக்க, மருத்துவம் பெரும்பாலும் பலித்தது என்பது இவ்வரலாற்றின் விசித்திரம்.

திருப்பம் 1910-இல் வந்தது. கண்ணின் நிறமித் திசுவையே உடல் பகையாகக் கொள்கிறது என்றார் கண்மருத்துவர் அந்தோன் எல்ஷ்னிக். கண்ணின் உட்பகுதியில் நிணநீர்க் குழாய்கள் இல்லை. அங்குள்ள புரதங்கள் பலவற்றை நோயெதிர்ப்பு மண்டலம் எளிதில் சந்திப்பதில்லை. சுவர் கிழிந்து உள்திசு வெளியே பிதுங்கும்போது அச்சந்திப்பு நிகழ்கிறது. சினந்த டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் குருதியில் திரிந்து, அதே புரதங்களை மறு கண்ணிலும் காண்கின்றன. இரு கண்களையும் பிணைப்பது பாதை அல்ல, ஒப்புமை. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று பாரபட்சத்தைப் பழிப்போம். இங்கே பாரபட்சம் இல்லாததே கேடு.

முதல் அறிகுறி எளிதில் ஏமாற்றும்: நல்ல கண்ணில் கிட்டத்து எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். பெரும்பாலோருக்கு இது அடிபட்ட ஓராண்டுக்குள் தோன்றும். பல பத்தாண்டுகள் கழித்துத் தோன்றியதும் உண்டு. 2000-இல் வெளியான பிரிட்டன் ஆய்வின் கணக்குப்படி, ஆண்டுக்குக் கோடிப் பேரில் மூவருக்கே இது வருகிறது. காயத்தைவிட அறுவைச் சிகிச்சை, அதிலும் விழித்திரை அறுவை, அங்கே முதன்மைக் காரணமாக இருந்தது.

1950களில் ஸ்டீராய்டு வந்தபின் நோயின் போக்கே மாறியது. அசதியோபிரின், சைக்ளோஸ்போரின், அடலிமுமாப் ஆகிய நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் பின்தொடர்ந்தன. அதனால் கிழிந்த கண்ணைத் தைத்துக் காப்பாற்றவே இன்று முயல்கிறார்கள். மறு கண்ணில் அழற்சி தொடங்கியபின் முதற் கண்ணை அகற்றுவதால் பயன் உண்டா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. தயக்கத்துக்குக் காரணம் உண்டு: சில நோயாளிகளுக்குக் கடைசியில் எஞ்சும் பார்வை, அடிபட்ட கண்ணில்தான் இருக்கிறது.